தளம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? நியூசிலாந்தின் நிலநடுக்கச் சீர்திருத்தம் விட்டுவிடக் கூடாத கேள்வி

2025 செப்டம்பர் கடைசியில் நியூசிலாந்து அரசு ஓர் அறிவிப்பு செய்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிலநடுக்கம் தாங்கும் திறனைச் சதவீதத்தில் சொல்லும் மதிப்பெண் ஒன்று இங்கே உண்டு. என்.பி.எஸ். என்பார்கள். அந்த எண் இனிச் சட்டத்தில் இருக்காது. ஆக்லாந்து, நார்த்லாந்து, சாதம் தீவுகள் ஆகியவற்றுக்கு முழு விலக்கு. மற்ற நடுத்தர, அதிக ஆபத்துப் பகுதிகளில் வலுவூட்டாத செங்கல் கட்டடங்களையும், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கான்கிரீட் கட்டடங்களையும் மட்டும் பார்ப்பார்கள். இதனால் உரிமையாளர்களுக்கு 820 கோடி நியூசிலாந்து டாலருக்கு மேல் மிச்சம் என்று கட்டடத் துறை அமைச்சர் கிரிஸ் பென்க் கணக்குச் சொன்னார்.

வெலிங்டனில் அபார்ட்மெண்ட் வாங்கி, கடனும் கட்டிக்கொண்டு, ஒரு நாள் காலையில் "உங்கள் கட்டடம் 25 சதவீதம்" என்று கடிதம் வந்து தூக்கம் தொலைத்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள். விற்க முடியாது, வங்கி முகம் கொடுக்காது, இன்சூரன்ஸ் ஏறும். அந்த வேதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் எண்ணைத் தூக்கிப் போடும் அவசரத்தில், அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த ஒரு நல்ல கேள்வியும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. கேள்வி ரொம்பச் சாதாரணமானது: நீங்கள் நிற்கும் தளம் எந்த வகை, அதன் முனை எதன் மேல், எத்தனை அங்குலம் உட்கார்ந்திருக்கிறது?

நள்ளிரவு 12.02

2016 நவம்பர் 14. தென்தீவின் கைகோரா பக்கம் 7.8 அளவில் நிலம் நடுங்கியது. பிளவு தொடங்கிய இடம் வெலிங்டனிலிருந்து வெகு தூரம். ஆனாலும் துறைமுகத்தை ஒட்டி, கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் இருந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடத்தின் உள்ளே கான்கிரீட் தளத்தின் பகுதிகள் பிடிப்பு விட்டு விழுந்தன. அரசின் புள்ளிவிவரத் துறை இருந்த இடம் அது. தூண்கள் நின்றன, பீம்கள் நின்றன, வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் கட்டடமாகவே இருந்தது. தளம் மட்டும் விழுந்தது.

மணி நள்ளிரவு 12.02. உள்ளே யாரும் இல்லை. அதே ஆட்டம் பகல் 12.02-க்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனியாக எழுத வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது கட்டடத்தின் வயது. அது பாட்டி காலத்துச் செங்கல் கட்டடம் இல்லை. 2000-களின் நடுவில் எழும்பியது, அப்போதைய விதிகளின்படி வடிவமைத்தது. "பழசுதான் ஆபத்து, புதுசு பரவாயில்லை" என்று எல்லோரும் மனசில் போட்டிருக்கும் கணக்கை அந்த ஒரு இரவு கலைத்துவிட்டது. அரசு அமைத்த குழு 2017-ல் அறிக்கை கொடுத்தது. பிற்பாடு கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

ஏன் விழுந்தது? நம்மூர்ப் பழக்கத்திலிருந்து தொடங்கினால் புரிந்துகொள்வது சுலபம்.

ஊரில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். சென்ட்ரிங் அடித்து, சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி, ஒரே நாளில் பீமும் தளமும் சேர்த்துக் கான்கிரீட் போடுவோம். பீமின் கம்பியும் தளத்தின் கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். காய்ந்தபின் இது தளம், இது பீம் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே வார்ப்பு. கூலி அதிகம், நாள் அதிகம், ஆனால் துண்டு துண்டாக இல்லை.

ப்ரீகாஸ்ட் தளம் அப்படி இல்லை. தொழிற்சாலையில் வார்த்த பலகைகளை லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி, பீமின் விளிம்பில் வரிசையாக வைப்பார்கள். மேலே 65, 75 மில்லிமீட்டர் கனத்துக்கு வலைக்கம்பி விரித்து மேல் கான்கிரீட் போட்டால் முடிந்தது. முட்டுக் கட்டை காடு இல்லை. ஒரு நாள் காலையில் கிரேன் வந்தால் சாயங்காலம் அந்த மாடியில் நடக்கலாம். 1980-களில் வெலிங்டனில் அலுவலகக் கோபுரங்கள் மளமளவென்று முளைத்த காலத்தில் இந்த வேகத்தை யார் வேண்டாம் என்பார்கள்? கூலி ஏறிக்கொண்டே போகும் நாடு வேறு.

சிக்கல் அந்த விளிம்பில்தான். பெரும் நடுக்கத்தில் கட்டடம் நொறுங்காமல் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக, பீம்களின் முனைகள் வெடித்து, வளைந்து, சக்தியை உறிஞ்சும்படி வடிவமைப்பார்கள். அது நல்ல யோசனை. ஆனால் வெடித்த பீம் முன்பிருந்த நீளத்துக்குத் திரும்பாது. வெடிப்பு மூடாமல் பீம் நீளும். ஒவ்வொரு வெடிப்பிடத்திலும் பீமின் ஆழத்தில் சில சதவீதம் நீளும் என்று சோதனைகள் காட்டுகின்றன. 900 மில்லிமீட்டர் ஆழமுள்ள பீமில் 3 சதவீதம் என்று வைத்தால் 27 மில்லிமீட்டர். ஒரு முனைக்கே இவ்வளவு. பீம் நீண்டால் தூண்கள் விலகும், தூணோடு சேர்ந்து பலகையைத் தாங்கும் குறுக்கு பீமும் விலகும். பலகை அங்கேயே இருக்கும், அது உட்கார்ந்த விளிம்பு நகர்ந்து போகும்.

பழைய கட்டடங்களில் அந்த விளிம்பு பல இடங்களில் 50 மில்லிமீட்டர்தான். இரண்டு அங்குலம். தொழிற்சாலை அளவுப் பிசகில் கொஞ்சம் போகும். ஆட்டத்தில் பீமின் ஓரமும் பலகையின் ஓரமும் உதிர்வதில் இன்னும் கொஞ்சம் போகும். மிச்சத்தில் 27 மில்லிமீட்டர் கழித்துப் பாருங்கள்.

எந்தத் தளம் எப்படி

விற்பவர்களின் கையேட்டைப் பார்த்தால், தளங்களை ஒப்பிட மூன்று விஷயம் இருக்கும்: எத்தனை மீட்டர் தாண்டும், எவ்வளவு எடை, சதுர மீட்டருக்கு என்ன விலை. மூன்றும் தேவைதான். ஆனால் மூன்றுமே பலகையின் நடுப்பகுதியைப் பற்றியவை. நிலநடுக்க நாட்டில் நடுவை விட முனையைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் ஹாலோ கோர். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் போட்டது இதுதான். நூறு மீட்டருக்கும் நீளமான படுகையில் இரும்பு முறுக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டி வைப்பார்கள். ஒரு இயந்திரம் அதன் மேல் நகர்ந்துகொண்டே ஈரம் குறைந்த கெட்டிக் கான்கிரீட்டைப் பிதுக்கிக்கொண்டு போகும். இடியாப்பம் பிழிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் அகலம், 200, 300, 400 மில்லிமீட்டர் கனம், உள்ளே நீள நீளமாகக் குழாய் போன்ற வெற்றிடங்கள். இறுகியதும் வைர ரம்பத்தால் வேண்டிய நீளத்துக்கு அறுப்பார்கள். கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, விலை குறைவு. ரொம்பப் புத்திசாலித்தனமான பொருள், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இயந்திரம் ஓடுகிற பாதையில் குறுக்குக் கம்பி வைக்க முடியாது. நம்மூர்க் கம்பி கட்டுபவர்கள் "ரிங்" என்பார்களே, அது இதில் கிடையாது. மேல் பக்கத்திலும் பெரும்பாலும் கம்பி இல்லை. கீழே இருக்கும் முறுக்குக் கம்பிகளும் அறுத்த முனையில் உடனே முழுப் பிடிப்புக் கொடுக்காது. கான்கிரீட்டைக் கவ்வி முழு இழுவிசையை ஒப்படைக்க அதற்கு அரை மீட்டருக்கும் மேல் வேண்டும். ஆக, பலகையிலேயே பலவீனமான இடம் அதன் முனை. நடுக்கத்தில் அதிகம் அடி வாங்கும் இடமும் அதுவே.

இது எப்படியெல்லாம் போகும் என்று பொறியாளர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். விளிம்பிலிருந்து நழுவி விழலாம். முனைக்கு அருகே கீழ்ப்பக்கம் வெடித்து, கம்பி உருவிக்கொண்டு வரலாம். மேல் கான்கிரீட்டின் கம்பி முடியும் இடத்தில் மேல்பக்கம் வெடித்து ஒடியலாம். எல்லாவற்றையும் விட மோசம், குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய சுவர்கள் உள்ளுக்குள்ளேயே பிளப்பது. மேலே கார்பெட், கீழே ஃபால்ஸ் சீலிங், அதையும் பிரித்துப் பார்த்தால் பலகையின் அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். பிளவு உள்ளே. அடியில் துளை போட்டு, வயிற்றுக்குள் எண்டோஸ்கோப்பி விடுகிற மாதிரி சின்னக் கேமரா விட்டால்தான் தெரியும். கைகோராவுக்குப் பிறகு வெலிங்டனில் அப்படித்தான் பார்த்தார்கள்.

இது 2016-ல்தான் தெரிந்ததா? இல்லை. அதுதான் எரிச்சல். 2000-களின் தொடக்கத்திலேயே கன்டர்பரி பல்கலைக்கழகத்தில் முழு அளவில் ஒரு ஹாலோ கோர் தளத்தைக் கட்டி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள். மாடி உயரத்தில் சுமார் 2 சதவீதச் சாய்விலேயே பலகைகள் பிளந்து விழத் தொடங்கின. 3.6 மீட்டர் மாடிக்கு அது 7 சென்டிமீட்டர் சாய்வு. பெரும் நடுக்கத்தில் ஒரு கட்டடம் 2.5 சதவீதம் வரை சாயலாம் என்று நாட்டின் விதி அனுமதிக்கிறது. அதாவது விதி ஒத்துக்கொண்ட சாய்வுக்கு முன்பே தளம் கைவிட்டுவிடும்.

அதன்பின் செய்த சோதனைகள் இன்னும் முக்கியம். பலகையை மாற்றவில்லை, முனையை மாற்றினார்கள். விளிம்பை அகலமாக்கி, பலகைக்கு அடியில் வழுக்கும் பட்டை வைத்து, முனைக்குப் பின்னால் அமுங்கும் அட்டை கொடுத்து, பீமோடு இறுகப் பூட்டாமல் கொஞ்சம் அசைய விட்டார்கள். அதே ஹாலோ கோர் அந்த 2 சதவீதத்தை நன்றாகத் தாண்டியும் விழாமல் நின்றது. 2004-ல் நாட்டின் கான்கிரீட் விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. குற்றவாளி முழுக்கப் பலகை இல்லை, முனை என்று நான் சொல்வதற்கு இந்தச் சோதனையே ஆதாரம். 2004-க்கு முன் கட்டிய கட்டடங்களைத் தேடிப்போய் யார் திருத்தினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்தது டபுள் டீ. இரண்டு ஆங்கில 'டி' எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய மாதிரி மேலே மெல்லிய தட்டு, கீழே இரண்டு கால்கள். நீண்ட தூரம் தாண்டும், கார் நிறுத்துமிடங்களுக்கும் தூணே இல்லாத பெரிய அலுவலக அறைகளுக்கும் இதுதான் பிடித்தம். ஆனால் ஒரு பலகையின் மொத்தச் சுமையும் முனையில் இரண்டு கால்கள் வழியாகத்தான் இறங்குகிறது. சில வடிவங்களில் கால்கூட உட்காராது, மேல் தட்டின் முனையை விளிம்பில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு இடம் கைவிட்டால் மாற்று வழி குறைவு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹவுஸில் விழுந்தது ஹாலோ கோர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இருந்தது டபுள் டீ. ஆகவே "எங்கள் கட்டடத்தில் ஹாலோ கோர் இல்லை, நாங்கள் தப்பித்தோம்" என்பதும் சரியான பதில் இல்லை.

விலா எலும்பு மாதிரி குறுகிய கான்கிரீட் உத்தரங்களை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் வைத்து, நடுவே மரப்பலகை அடுக்கி, மேலே கான்கிரீட் போடும் தளம் ஒன்று உண்டு. இதுவும் விளிம்பில்தான் உட்காருகிறது, ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உத்தரங்கள் சிறியவை, நெருக்கமானவை, மேலுள்ள கான்கிரீட் பெரும்பங்கு வேலை செய்கிறது. அரைக்கனப் பலகை இன்னொன்று: 75 மில்லிமீட்டர் கெட்டிப் பலகை கீழே, அதே கனத்துக்கோ மேலேயோ ஈரக் கான்கிரீட். சிங்கப்பூரின் எச்.டி.பி. வீடுகளில் வசிப்பவர்கள் பலர் இதன் மேல்தான் நடக்கிறார்கள். குழாய் வெற்றிடம் இல்லாததால் உள்சுவர் பிளக்கும் கதையே இல்லை. மேல் பாதியில் கம்பியைப் பீம் தாண்டி ஓடவிடலாம். முட்டுக் கொடுக்க வேண்டும், அதனால் வேகம் குறைவு.

இப்போது வெலிங்டனில் புதிதாகக் கட்டுகிறவர்களில் பலர் ப்ரீகாஸ்டே வேண்டாம் என்று மடிப்புத் தகட்டுத் தளத்துக்குப் போய்விட்டார்கள். டெக் ஷீட் விரித்து அதன் மேல் கான்கிரீட். எடை குறைவு, தகடும் கம்பியும் தொடர்ச்சியாக ஓடும். அதற்காக அதுவே ரட்சகன் என்று கிளம்பிவிட வேண்டாம். 2011 பிப்ரவரி 22-ல் கிரைஸ்ட்சர்ச்சில் 115 பேரைப் பலிகொண்ட சி.டி.வி. கட்டடத்தின் தளமும் தகட்டுத் தளம்தான். அங்கே தூண்கள் போயின. தூண் போனால் எந்தத் தளமும் நிற்காது. அதே நாளில் அதே ஊரில் ஃபோர்சித் பார் கோபுரத்தில் தூண் போகவில்லை, ப்ரீகாஸ்ட் மாடிப்படிகள் முனை விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மேல் மாடிகளில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறும் கிரேனும் கொண்டு இறக்கினார்கள். அங்கேயும் அதே விளிம்பு, அதே இடைவெளிக் கதை.

நூலகம் மூடிய நாள்

2018 நவம்பரில் கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிடும் வழிகாட்டியில் ஒரு திருத்தம் வந்தது. கைகோராவில் கற்ற பாடத்தையெல்லாம், முக்கியமாக ப்ரீகாஸ்ட் தளங்களைப் பற்றியதை, அதில் சேர்த்தார்கள். மஞ்சள் அத்தியாயம் என்று பேர். ஆனால் சட்டப்படி ஒரு கட்டடத்தை ஆபத்தானது என்று முடிவுசெய்ய 2017-ன் பழைய அத்தியாயம்தான் செல்லும். மற்ற எல்லாவற்றுக்கும் புதியது. ஒரே கட்டடத்துக்கு இரண்டு அளவுகோல், இரண்டு விடை. இந்தக் குழப்பத்திலேயே வக்கீல்களும் ஆலோசகர்களும் நன்றாகப் பிழைத்தார்கள் என்பது தனிக் கதை.

அந்தப் புதிய கண்ணாடியைப் போட்டுப் பார்த்த பிறகுதான் 2019 மார்ச்சில் வெலிங்டன் மத்திய நூலகத்தை, முதல் நாள் வரை பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த இடத்தை, நகராட்சி சட்டென்று மூடியது. இயன் ஆத்ஃபீல்ட் வடிவமைத்து 1991-ல் திறந்த கட்டடம். கைகோராவில் வெளியே தெரிகிற மாதிரி பெரிய அடி ஒன்றும் படவில்லை. காரணம் உள்ளே இருந்த ஹாலோ கோர் தளங்கள். பலப்படுத்தும் வேலை இருபது கோடி டாலரைத் தாண்டியது, 2026 வரை இழுத்தது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்துப் பயந்து ஓடுவதும் தவறுதான். என்.பி.எஸ். என்பது கட்டடத்தின் மிகப் பலவீனமான ஒரு பாகத்தின் மதிப்பெண். பத்துப் பாடத்தில் ஒன்றில் 20 வாங்கினால், ரேங்க் கார்டில் 20 என்று மட்டும் எழுதுகிற மாதிரி. 34-க்குக் கீழே போனால் சட்டம் பிடிக்கும். 67-க்குக் கீழே என்றால் சட்டம் சும்மா இருக்கும், வாடகைக்கு வரும் நிறுவனம் ஓடிவிடும். நாளைக்கே இடியும் என்று அந்த எண் சொல்லவே இல்லை. குறைந்த எண் என்பதற்காக மட்டும் உடனே ஆட்களை வெளியேற்ற வேண்டாம் என்று அமைச்சகமே 2022-ல் வழிகாட்டி வெளியிட வேண்டிவந்தது. அந்த எண் ஒழிவதில் எனக்கு வருத்தமில்லை.

என் வாதம் வேறு. எந்தப் பாகம் பலவீனம், ஏன், விழுந்தால் எத்தனை பேர் தலையில் என்பதையாவது அந்த மதிப்பீடு தோண்டிப் பார்க்க வைத்தது. புது ஏற்பாட்டின் வாசலில் நிற்பவை ஊர், பொருள், மாடி எண்ணிக்கை. மூன்று மாடிக் கான்கிரீட் என்றால் உள்ளே வா, இரண்டு மாடி என்றால் போய்விடு. ஆனால் டபுள் டீ விளிம்பை விட்டு நழுவும்போது மேலே எத்தனை மாடி என்று கேட்டுக்கொண்டு நழுவாது. இரண்டு மாடி வணிக வளாகத்திலும் அதன் கார் நிறுத்துமிடத்திலும் இதே பலகைகள் கிடக்கின்றன. உள்ளே நுழையும் கட்டடங்களிலும் மதிப்பீட்டு முறை தளத்தின் முனையைப் பார்க்கச் சொல்லவில்லை என்றால், தூணை மட்டும் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுப் போகலாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹவுஸில் தூண்கள் நன்றாகத்தான் இருந்தன.

திருத்த வழி இல்லாமலும் இல்லை. ஆக்லாந்து, கன்டர்பரி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பல ஆண்டுகள் இதற்காகவே ஆய்வு செய்தன. பலகை முனைக்கு அடியில் பீமோடு இரும்பு ஆங்கிள் அடித்து விளிம்பை நீட்டுவது முதல் வேலை. பலகை நழுவினாலும் ஆங்கிள் ஏந்திக்கொள்ளும். பலகைக்கு இணையாக ஓடும் பீமை ஒட்டிய முதல் பலகை தனிக் கேஸ். பீம் ஒரு பக்கம் வளைய, பலகை நேராக நிற்கப் பார்க்க, நடுவில் அது பிய்த்துக்கொள்ளும். அதற்கு அடியில் ஆங்கிள் மட்டும் போதாது, கீழே முழுநீளத் தாங்கல் வேண்டிவரலாம். இரும்பின் விலையை விட, சீலிங்கையும் ஏசி குழாய்களையும் கழற்றி, குடியிருப்பவரை வெளியே அனுப்பி, திரும்ப மாட்டும் செலவுதான் ஆளை அடிக்கும். அதற்குத்தான் அரசின் உதவி வேண்டும். 820 கோடி மிச்சம் என்று பெருமைப்படும்போது, அதில் ஒரு சிறு பங்கை இந்த ஆங்கிள்களுக்குக் கடனாகவாவது ஒதுக்கலாம் அல்லவா?

நம்மவர்கள் வாழும் மற்ற ஊர்கள்

இது நியூசிலாந்தின் தனித் தலைவலி இல்லை. 1988 டிசம்பர் 7-ல் ஆர்மீனியாவில் நடந்தது கட்டடவியல் வகுப்புகளில் இன்றும் பாடம். லெனினகான் நகரில் ஒன்பது மாடிக் கட்டடங்கள் இரண்டு வகை இருந்தன. தூண், பீம் சட்டகத்தில் ஹாலோ கோர் பலகைகளை வைத்தவை ஒரு வகை, அறை அளவுச் சுவர்ப் பலகைகளையும் தளப் பலகைகளையும் ஓரங்களில் கோத்தவை இன்னொரு வகை. முதல் வகையில் பாதிக்கு மேல் விழுந்தது. இரண்டாவது வகை நின்றது. இரண்டுமே ப்ரீகாஸ்ட், ஒரே ஊர், ஒரே நடுக்கம். சட்டகத்தின் மூட்டுகளும் தளத்தின் கோப்பும்தான் வித்தியாசம்.

லண்டன்காரர்களுக்கு நிலநடுக்கம் வேண்டாம், ஒரு கேஸ் அடுப்பு போதும். ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கும் நம் மக்களுக்கு அதே நியூஹாம் வட்டாரத்தின் ரோனன் பாயிண்ட் பேர் தெரிந்திருக்கும். 1968 மே 16-ல் 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்து ஒரு சுவர்ப் பலகை வெளியே போனதும், கோபுரத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ் வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பலகைகளை ஒன்றோடொன்று கட்டிப் பிடிக்கும் கம்பிகள் கட்டாயம் என்று பிரிட்டன் விதி மாறியது அதன்பின்தான்.

டொராண்டோ, சிங்கப்பூர் மாதிரி நடுக்கம் குறைந்த ஊர்களில் ஹாலோ கோர் நல்ல பொருளே, பயப்படத் தேவையில்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு: குளியலறை மாற்றுகிறேன் என்று பிளம்பர் கண்ட இடத்தில் துளை போட்டு முறுக்குக் கம்பியை அறுத்துவிடக் கூடாது. அறுத்த கம்பிக்கு ஒட்டுப் போட முடியாது. சென்னையில் பிள்ளைகளுக்கென்று புது அபார்ட்மெண்ட் பதிவு செய்பவர்கள் "எல்லாமே ப்ரீகாஸ்ட் சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 2002 முதல் சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது. வெலிங்டனோடு ஒப்பிடும் ஆபத்து இல்லை, ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

வெலிங்டனிலும் ஹட் பள்ளத்தாக்கிலும் இருப்பவர்கள், கட்டட உரிமையாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எண்ணைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், எப்படியும் அது போகப்போகிறது. நகராட்சிக் கோப்பில் உங்கள் கட்டடத்தின் வரைபடங்கள் இருக்கும், கட்டணம் கட்டினால் நகல் கிடைக்கும். தளத்தின் வகை முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். முனை விவரம் கடைசிப் பக்கங்களில், தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் ஒளிந்திருக்கும். விளிம்பு 50 என்று போட்டிருக்கா, 75-ஆ, அடியில் பட்டை காட்டியிருக்கா என்று பொறியாளரிடம் விரல் வைத்துக் கேளுங்கள். 2016-க்குப் பிறகு யாராவது சீலிங்கைக் கழற்றி அந்த இடத்தை நேரில் பார்த்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.